படச்சுருளும் பாடபேதமும்

ஓலைச்சுவடியில் கிடந்த நூலை அச்சேற்றுவதற்கும், சிறு படச்சுருளில் கிடக்கும் காட்சியை உயர்துல்லியக் காணொளியாக மாற்றுவதற்கும் என்ன உறவு என்று வினவுவோர் இருக்கலாம். நெருங்கிய உறவு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. இரண்டிலும் மூலம் நாள்தோறும் அழிந்துகொண்டிருக்கிறது. இரண்டிலும் மூலத்தைப் பார்த்து வேறொரு பொருளில் பெயர்த்து வைக்கும் ஒருவர் இடையே நிற்கிறார். அவர் அறிந்தோ அறியாமலோ செய்யும் பிழைகள், மூலம் அழிந்த பின்னர், வருங்காலத்தார்க்கு மூலமாகவே ஆகிவிடுகின்றன. 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, எடுக்கும்போதே ஏடுகள் உதிர்ந்து போவதைத் தம் பதிப்புரையில் கூறி வருந்தினார். கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணாம் வரை, ரவாங் முதல் களும்பாங் வரை, தோட்டம் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் அலமாரிகளில் எஞ்சியிருக்கும் படச்சுருள்களின் நிலையும் இன்று அதுவே. பெட்டியைத் திறந்தால் வினிகர் போன்ற புளித்த நெடி எழுமாயின், சுருளின் அடித்தளமாகிய அசிட்டேட்டு சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். இருபத்தொரு பாகை செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் வைக்கப்படும் புதுச்சுருளுக்கே இந்நிலை ஏறத்தாழ 40 ஆண்டுகளில் நேரும் என்பது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஆய்வாளர்களின் கணிப்பு. நம் கடலோரத்து வெப்பமும் ஈரமும் எத்தகையவை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

சிறு படச்சுருள் என்பது திரையரங்குகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் சுருளினும் அகலம் குறைந்தது. 16 மில்லிமீட்டர் 1923இலும், 8 மில்லிமீட்டர் 1932இலும், சூப்பர் 8 என்பது 1965இலும் விற்பனைக்கு வந்தன. நம் தோட்டத்து மக்கள் இவற்றை முதலில் அறிந்தது பார்வையாளராகத்தான். 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப்படங்களை, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் வண்டிகள் ஏற்றிவந்து தமிழ் விளக்கத்துடன் திடலில் காட்டின. படமெடுக்கும் கருவியோ நெடுங்காலம் துரைமார் பங்களாவில்தான் இருந்தது. ஆதலின் பழைய சுருள்களில் நம்மவர் தென்படுவது பெரும்பாலும் பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்த பார்வையில்தான்: பெரட்டில் நிற்கும் வரிசையாக, காண்டா வாளி சுமந்து செல்லும் உருவங்களாக. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தமிழ்ப்பெயர் போலவே ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில், 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே, 1930இல் தம் மலேசியா நாவலுக்குக் கொன்கூர் பரிசு பெற்றார். எழுதத் தெரிந்த துரை நாவலாக எழுதினார். எழுதாத துரைமாருள் சிலர் படமாக எடுத்தனர். குடியேற்ற நாடுகளில் எடுக்கப்பட்ட அத்தகைய வீட்டுப்படங்கள் பல பிரிஸ்டல் நகரின் அருங்காட்சியகம் ஒன்றில் சேர்ந்து, அது மூடப்பட்ட பின்னர் அந்நகர ஆவணக் காப்பகத்தை அடைந்தன. பிரித்தானிய நிறுவனங்கள் சில கூடி 2010இல் வெளியிட்ட குடியேற்றக்காலப் படப்பட்டியல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பற்றிய குறிப்புகளைக் கொண்டது. நம் வீடுகளில் உள்ளவற்றுக்கு அத்தகைய பட்டியல் இல்லை.

சூப்பர் 8 வந்த பின்னர்தான் கருவி நம்மவர் கைக்கும் எட்டியது. திருமணம், பள்ளி விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் திருவிழா ஆகியவை நம்மவர் கண்ணாலேயே பதிவாயின. பங்களாத் தாழ்வாரத்தில் அன்றி, கூட்டத்தின் நடுவே தோளோடு தோள் உரச நின்று எடுத்த படங்கள் இவை. இவற்றை எவ்வாறு பெயர்த்து வைக்கிறோம் என்பது அதனாலேயே பெரிய வினாவாகிறது.

பத்தாங் பெர்ஜுந்தையை, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் அவ்வூரை, அடுத்த தோட்டமொன்றின் தீமிதித் திருவிழாப் படம் உயர்துல்லியக் காணொளியாக மாற்றப்பட்டு அண்மையில் பார்வைக்கு வந்தது. எழுபதுகளில் எடுத்த நான்கு சூப்பர் 8 சுருள்கள், ஒலி இல்லாதவை. ஒரு சுருளின் நீளம் 50 அடி. அதில் 3,600 சட்டகங்கள். விநாடிக்கு 18 சட்டகம் என்னும் முறையில் ஓட்டினால் ஒரு சுருள் 3 நிமிடம் 20 விநாடி ஓடும். நான்கும் சேர்ந்து 13 நிமிடம் 20 விநாடி. காணொளியோ 9 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஒன்றும் வெட்டப்படவில்லை, தொலைக்காட்சிக்குரிய 25 சட்டக வேகத்தில் அப்படியே ஓட்டிவிட்டார்கள். விளைவு என்ன? பால்குடம் ஏந்திய பெண்டிர் பொம்மைகளைப்போல் துள்ளி ஓடுகின்றனர். விரதமிருந்து, வெயிலில் நடந்து, குடம் தளும்பாமல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தவர்களின் நடை அது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர் சிலர் சிரித்தனர். அவர்களைக் குறைகூற இயலாது. சிரிக்கும்படிதான் பாட்டிமாரை அவர்கள்முன் ஓட விட்டிருக்கிறார்கள். யாப்பறியாத ஒருவர் ஆசிரியப்பாவை வஞ்சிப்பாவாக மடக்கி அச்சிட்டால் புலவர் பொறுப்பாரோ? சீர்களெல்லாம் இருக்கின்றனவே என்பது விடையாகாது.

வேகத்தை அடுத்து வடிவம். படச்சுருளின் சட்டகம் நாலுக்கு மூன்று. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. திரையின் இருமருங்கும் கரும்பட்டை நிற்பது அழகில்லை என்று எண்ணி, அகலம் நிரம்பும்வரை பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிட்டனர். உயரத்தில் கால்பங்கு போயிற்று. இத்திருவிழாவில் அக்கால்பங்கு எது என்று நோக்குக. மேலே தேரின் கலசம், கீழே வெறுங்கால்கள். தீமிதிப் படத்தில் பாதங்களை வெட்டியவருக்கு அழகுணர்ச்சி இருந்தது என்று சொல்வது அரிது. ஆலயத்தின் பின்னே தெரிந்த லயத்து வரிசையும் பாதி மறைந்தது. அத்தோட்டம் இன்று இல்லை. ஆலயம் எங்கே நின்றது, ஆற்றுக்கு எத்தனை தொலைவில் நின்றது என்று நாளை ஒருவர் தேடினால் சட்டகத்தின் ஓரத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

இவற்றினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. பழஞ்சுருளில் தூசியும் கீறலும் இருத்தல் இயல்பு. அவற்றை நீக்கும் கணினி நிரல், ஒரே சட்டகத்தில் மட்டும் தோன்றி அடுத்ததில் மறையும் புள்ளிகளை அழுக்கு என்று கொண்டு, பக்கத்துச் சட்டகங்களைப் பார்த்து நிரவிவிடுகிறது. தீக்குழியிலிருந்து தெறிக்கும் பொறியும் ஒரு சட்டகத்தில்தான் தோன்றுகிறது. நிரலுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே இக்காணொளியில் கனல் இருக்கிறது, பொறி இல்லை. வழக்குச்சொல்லை ஏடெழுதியவரின் பிழை என்று எண்ணித் திருத்திய பதிப்பாளர்களை நாம் அறிவோம். இந்நிரல் அவர்களின் வழித்தோன்றல். முகங்களையும் அது விட்டுவைக்கவில்லை. படத்தின் மணித்தன்மையைத் துடைத்தெடுத்ததில் சுருக்கம் விழுந்த முகங்கள் மெழுகு பூசியவைபோல் ஆயின. பின்னணியில் திரைப்பட பக்திப்பாடல் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். திரையில் உருமி அடிப்பவரின் கை ஒரு தாளத்தில் போக, காதில் வேறொன்று விழுகிறது. ஊமைப்படம் ஊமையாக இருப்பதில் இழிவென்ன?

மேலைநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. பீட்டர் ஜாக்சன் 2018இல், இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் முதல் உலகப்போர்ப் படங்களை வேகம் திருத்தி, வண்ணமேற்றி, ஒலி சேர்த்து வெளியிட்டார். வேகத் திருத்தத்தால் போர்வீரர் பொம்மைகள் அல்லர், மனிதர் என்பது முதன்முறையாகப் புலப்பட்டது, அது பெரும்பணி. ஆனால் வண்ணம் ஊகமே. ஊகம் கலந்த படத்தைக் கலைப்படைப்பாகக் காணலாம், மூலமாகக் கொள்ளலாகாது. அவர்க்கோர் ஆறுதல் இருந்தது: மூலம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளது. நம்மவரோ, ஒளிப்பேழை வந்த எண்பதுகளில், சுவரில் விழுந்த பிம்பத்தை ஒளிப்பேழையில் பிடித்துக்கொண்டு சுருளை எறிந்தவர் பலர். அப்பேழையை இன்று பெரிதாக்கி உயர்துல்லியம் என்று பெயரிட்டாலும் அது நகலின் நகலே. இல்லாத நுட்பத்தை எக்கருவியும் மீட்டுத் தராது. செயற்கை நுண்ணறிவு இட்டு நிரப்பும், அவ்வளவே. புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சிதைந்த இடங்களைச் சிதைந்தவையாகவே காட்டினார். சொந்தச் சொல்லால் நிரப்பும் புலமை அவர்க்கு இல்லாமலா?

செய்யத்தக்க முறை அருமையானதன்று. பற்சக்கரம் பற்றி இழுக்காத வருடியில், சுருங்கிய சுருளும் கிழியாதவாறு, ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே முழு ஓரத்துடன் படியெடுத்து வைத்தல் வேண்டும். அப்படியை எவ்விதத் திருத்தமுமின்றிக் காத்து, காண்பதற்கென வேறொரு படி செய்து, அதில் 18 சட்டக வேகத்தையும் கரும்பட்டைகளையும் விட்டுவைக்கலாம். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் படம் 1440 புள்ளிகளையே நிரப்பும், நிரப்பட்டும். தூசி நீக்க விரும்புவோர் இரண்டாம் படியில் நீக்கி, நீக்கியதை எழுதி வைக்கட்டும். மூலச்சுருளைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தல் இன்றியமையாதது.

எழுதி வைத்தல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஏட்டின் இறுதியில் எழுதினவர் பெயர், எழுதி முடித்த நாள், யாருக்காக எழுதப்பட்டது என்பன இருக்கும். பதிப்பாசிரியர் அவற்றை நூலின் பகுதியன்று என்று தள்ளமாட்டார். இக்காணொளியின் உறையிலோ ‘திருவிழா’ என்ற ஒரு சொல்லும் மாற்றிக்கொடுத்த கடையின் தொலைபேசி எண்ணுமே உள்ளன. அச்சுருள்கள் இருந்த தகரப்பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் மங்கிய மையில் தோட்டத்தின் பெயர், பிரிவின் எண், கரகம் எடுத்தவர், உருமி அடித்தவர், தீயில் இறங்கியவர் இருவர் என நான்கு பேரின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றை யாரும் படியெடுக்கவில்லை. நால்வருள் ஒருவர் இன்றும் தஞ்சோங் காராங்கில் இருக்கிறார் என்கின்றனர் அக்குடும்பத்தார். சுருள்களில் நெடி இன்னும் எழவில்லை, மறுமுறை பெயர்க்கலாம்.