புற்றுநோய் ஆய்வாளருக்குக் கணக்குப் பாடம் வேண்டாமா?

புற்றுநோயிலோ மரபியலிலோ முனைவர் பட்டத்துக்கு ஆராய முன்வரும் மாணவர் சில பாடங்களைப் படித்துத் தேறவேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி இப்பாடங்கள் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு இருக்கவேண்டும். ஆராய்ச்சி முறையியலும், ஆய்வு - வெளியீட்டு நெறிமுறையும் கட்டாயம். எஞ்சியதைப் பல்கலைக்கழகங்கள் வகுத்துக்கொள்ளலாம். திருமங்கலத்துக்கு அருகிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் இதே விதிதான்.

விதி பெயர் சொல்லிக் கேட்கும் பாடங்களில் புள்ளியியல் இல்லை. இதைப் பெருங்குறை என்றே கருதுகிறேன். இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்குத்தான் வேலை.

திருமங்கலத்தில் 20,000 பேரை நிறுத்தி, ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 20 பேருக்குப் பத்து முறையும் தலையே விழும். அவர்களிடம் தனி ஆற்றல் எதுவும் இல்லை. கூட்டம் பெரிது, அவ்வளவுதான். மனித உடலில் புரதம் செய்யும் ஜீன்களும் சுமார் 20,000. நோயுற்ற திசுவையும் நல்ல திசுவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஜீனையும் நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான பிழை வரம்பில் சோதித்தால், நோயோடு யாதொரு தொடர்பும் இல்லாத நிலையிலும் சுமார் 1,000 ஜீன்கள் ‘குற்றவாளி’களாகத் தோன்றும். இதைத் திருத்தும் முறைகள் உண்டு. ஆனால் திருத்தவேண்டும் என்பதே தெரியாத மாணவர், போலி ஜீன் ஒன்றின் பின்னே மூன்றாண்டுகளைத் தொலைத்துவிடக் கூடும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொலைந்தது ஆண்டுகள் மட்டுமல்ல. கட்டியிலுள்ள ஜீன்களின் செயல்பாட்டைக் கொண்டே எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டிக் கூறலாம் என 2006இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி நோயாளிகளிடமும் சோதனைகள் தொடங்கின. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகிய இரு புள்ளியியலாளர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, 2009இல் பிழைகளை விரிவாக வெளியிட்டனர். பட்டியலில் ஒரு வரிசை நழுவியதால், ஒரு ஜீனின் இடத்தில் அடுத்த ஜீனின் பெயர் நின்றது! மருந்துக்குக் கட்டுப்படும் செல், கட்டுப்படாத செல் என்ற குறிப்புகளும் சில இடங்களில் தலைகீழாயிருந்தன. கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது. தரவுகளில் பொய்யும் கலந்திருந்தது என்று அந்நாட்டு ஆய்வு நேர்மை அலுவலகம் 2015இல் முடிவு கூறியது.

நெறிமுறைப் பாடம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பிழையைக் கண்டுபிடித்தது கணக்கு தெரிந்த கண் அல்லவா? (செப்டின் ஜீன்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவந்த கூத்தும் உண்டு. 2020இல் ஜீன்களின் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று.)

விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, எம்.எஸ்ஸி.யில் படித்த உயிரியலையே இன்னொரு பெயரில் மீண்டும் எடுக்காதீர்கள். கணிதத் துறை ஆசிரியரிடம் ஒரு பருவம் புள்ளியியல் படிக்க வழிகாட்டியிடம் அனுமதி கேளுங்கள். துறைத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: அப்பாடத்தின் தேர்வில் வரையறை எழுதச் சொல்லவேண்டாம். வெளியான ஒரு கட்டுரையையும் அதன் தரவுப் பட்டியலையும் கையில் கொடுத்து, முடிவு சரியா என்று மீண்டும் கணக்கிடச் சொல்லுங்கள்.