மேற்கோள் எண்ணிக்கையும் அடி இறக்க ஆய்வுகளும்

பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு அடி இறங்கிவிடுகிறது; அதாவது, கர்ப்பப்பை போன்ற இடுப்பு உறுப்புகள் கீழே சரிந்துவிடுகின்றன. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்லக் கூசும் இந்தத் தொல்லைகளைக் கவனிக்கும் இடுப்புத்தள மருத்துவத்துக்கு அமெரிக்காவில் தனிச் சிறப்புத்துறை என்ற ஏற்பு கிடைத்ததே 2011இல்தான். ஆனால், இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை எண்ணி வரிசைப்படுத்தும் ஆய்வுகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. 1955இல் யூஜீன் கார்ஃபீல்ட் முன்வைத்த மேற்கோள் அட்டவணை என்ற யோசனையின் வழிவந்தவை அவை.

அவற்றைப் பயனற்றவை என்று நான் தள்ள மாட்டேன். ஒரு துறை எதன்மேல் நிற்கிறது என்பதை அந்த எண்ணிக்கை காட்டிவிடுகிறது. 1996இல் பம்பும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ‘பாப்-க்யூ’ அளவீட்டு முறையைப் பாருங்கள். அதற்கு முன் ‘லேசான இறக்கம்’, ‘கடும் இறக்கம்’ என்பதெல்லாம் மருத்துவருக்கு மருத்துவர் மாறின. கன்னிச்சவ்வின் விளிம்பைச் சுழியாகக் கொண்டு ஒன்பது அளவுகளைச் சென்டிமீட்டரில் குறிக்கச் சொன்னது இந்த முறை. சிறுநீர்ப்பாதைக் கோளாறுகளுக்கு 2002இல் ஏப்ரம்ஸ் குழு வகுத்த சொல் வரையறைகளும் இதே வகைதான். இவை எந்த நோயையும் நேரடியாகத் தீர்க்கவில்லை. ஆனால் முழம் எவ்வளவு என்று ஒத்துக்கொண்ட பிறகுதானே துணி வியாபாரம் நடக்கும்? அந்த வேலையைச் செய்தவர்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைப்பது நியாயமே.

எண்ணிக்கை சறுக்கும் இடம் வேறு. 1997இல் ஓல்சனும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை இத்துறையில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவது. அமெரிக்காவின் வடமேற்கில் ஒரே மருத்துவக் காப்பீட்டு அமைப்பில் இருந்த 1,49,554 பெண்களில், 1995இல் அடி இறக்கத்துக்கோ சிறுநீர்க் கசிவுக்கோ அறுவை செய்துகொண்ட 395 பேரை அது ஆராய்ந்தது. எண்பது வயதுக்குள் ஒரு பெண்ணுக்கு இத்தகைய அறுவை தேவைப்படும் வாய்ப்பு 11.1 விழுக்காடு என்றது. அறுவைகளில் 29.2 விழுக்காடு மறு அறுவைகள் என்றும் சொன்னது.

இந்த இரண்டாவது எண்ணுக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அந்த ஆண்டு அறுவைக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. பின்னால் வந்தவர்களோ, இன்று அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் கத்தி வைக்க வேண்டிவரும் என்ற பொருளில் அதை எழுதிப் பரப்பினார்கள். மருந்துக்கடை வரிசையில் நிற்பவர்களில் பத்துக்கு மூன்று பேர் இரண்டாம் முறை வந்தவர்கள் என்றால், புதிதாக வாங்கிப்போன பத்துப் பேரில் மூவர் திரும்பி வருவார்கள் என்று ஆகிவிடுமா? ஆனாலும் சரியாகப் படித்து எழுதியவருக்கும் ஒரு மேற்கோள், தவறாக எழுதியவருக்கும் ஒரு மேற்கோள். கூட்டிப் பார்க்கும்போது இரண்டும் சமம். முதல் எண்ணும் நிலைக்கவில்லை: 2014இல் வூ குழு அமெரிக்கா முழுவதற்கும் கணக்கிட்டபோது அது 20 விழுக்காட்டை எட்டியது.

இப்படித் திரிந்த எண்ணோடு, வெறும் தையலால் செய்யும் பழைய அறுவை நிற்காது என்ற அச்சமும் பரவப் பரவ, யோனிச் சுவருக்குள் செயற்கை வலை வைத்துத் தைக்கும் முறைக்கு ஆதரவு கூடியது. 2011 மே மாதம் வெளியான, 389 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆல்ட்மன் குழுவின் ஆய்வில், ஓராண்டு முடிவில் வலை வைத்தவர்களில் 60.8 விழுக்காட்டினருக்கும் வெறும் தையல் போட்டவர்களில் 34.5 விழுக்காட்டினருக்கும் வெற்றி. வலை வைத்தவர்களுக்கே சிக்கல்கள் அதிகம் என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் சொன்னது. இரண்டு மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இவ்வகை வலைகளால் வரும் கடும் சிக்கல்கள் அரிதானவை அல்ல என்று எச்சரித்தது. 2019 ஏப்ரலில் அடி இறக்கத்துக்கான யோனிவழி வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கட்டுரையை எடுத்தாண்டவர்கள் அதன் வெற்றியைச் சொன்னார்களா, எச்சரிக்கையைச் சொன்னார்களா? எண்ணிக்கையிடம் இதற்கு விடை இல்லை. வலை உறுத்தி, உட்காரவும் முடியாமல் தவித்த பெண்களுக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல. பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு கட்டுரையும் எதற்காக எடுத்தாளப்பட்டது என்பதையும் படித்து எழுத வேண்டும். உழைப்பு அதிகம்தான், அதைச் செய்யாமல் ‘செல்வாக்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய பட்டியல்களில் விடுபடுவதும் நிறைய. 1948இல் கெகல் எழுதிய தசைப்பயிற்சி இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே சொல்லித்தரப்படுகிறது. அந்த மூலக் கட்டுரையை யாரும் தேடிப்போய்க் குறிப்பிட வேண்டியதில்லை என்னும் அளவுக்கு அது பொதுச் சொத்தாகிவிட்டது. இளம் பெண்களின் கர்ப்பப்பையை எடுக்காமலே இறக்கத்தைச் சரிசெய்ய மும்பையின் ஷிரோத்கரும் புரந்தரேயும் வகுத்த முறைகள் இந்திய அறுவை அரங்குகளில் கைவழியாகப் பரவின. நேபாளத்தில் பெண்களின் கர்ப்பப்பை இறக்கத்தை இனப்பெருக்க உரிமை மீறலாகக் கண்டு, அரசு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மருத்துவ இதழ்களின் மேற்கோள்களைக் கூட்டிப் போடும் பட்டியலில் அந்தத் தீர்ப்புக்கு ஒரு வரிகூடக் கிடையாது.