நந்தன் கேட்ட விடை

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைப் (1908–1980) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகின்றனர். ஒன்று, 1933இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபின் அவர் பூண்ட வெள்ளுடை. மற்றொன்று, அவருடைய முருக பக்தி. இவ்விரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், அவர் உழைத்து உயர்ந்த ஒரு கலைத் தொழிலாளி என்னும் உண்மை இவற்றின் பின்னே மறைக்கப்படுவதை ஏற்க இயலாது.

வறுமையிற் பிறந்து, சிறு வயதில் ரயிலில் பாடிப் பொருள் பெற்றவர் அவர். நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில், தரை டிக்கெட்டில் அமர்ந்த ஏழைக்கும் எட்டும்படி பாடப் பழகினார். இலங்கை மேடைகளும் அவரைக் கேட்டன. அக்குரலின் உரம் தெய்வம் தந்த வரமன்று. இரவு இரவாகச் செய்த உழைப்பின் விளைவு.

1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் கேட்டிராத தொகை. பெண்ணொருவர் பண்ணையாள் நந்தனாக வேடம் புனைய, சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் ஆண்டையான வேதியராக நடித்தார்.

கோபாலகிருஷ்ண பாரதியார் அமைத்த அக்கதையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சிதம்பரம் செல்ல நந்தன் விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஓரிரவில் இறையருளால் வேலை முடிகிறது. உழைப்பும் கதையிலிருந்து மறைகிறது. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லை அவனை ஏற்கிறது.

விடை கேட்டு நிற்பதன் பொருள் மலையகத்தாராகிய நமக்குத் தெரியாததன்று. ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, துரை எழுதித் தரும் அச்சீட்டின்றி நம் முன்னோர் வேறு தோட்டத்தில் வேலை பெற முடிந்ததில்லை. அக்கரப்பத்தனைச் சரிவுகளில் எந்தத் தெய்வமும் ஓரிரவில் கொழுந்து பறித்துக் கொடுக்கவுமில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடியபோது, அப்பாட்டு கேட்டவரைச் சங்கத்திற்கு அழைத்தது. அருளுக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை.

சுந்தராம்பாளின் குரலும் பக்திக்குள் அடங்கிவிட்டதன்று. காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினார். சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். ‘ஔவையார்’ (1953) படத்தில், வேந்தரை நிமிர்ந்து நோக்கும் மூதாட்டியின் குரலாக அது இன்றும் ஒலிக்கிறது. குறை குரலில் இல்லை. அக்குரலுக்கு அளிக்கப்பட்ட கதையிலேயே இருக்கிறது.

ஆகவே, நம் மாணவருக்கு அவருடைய பாட்டைக் கேட்கச் செய்வோம். உழுதவன் ஏன் விடை கேட்டு நிற்க நேர்ந்தது என்னும் வினாவையும் அதனுடன் எழுப்புவோம்.