வன்னி நாவலிற் குடும்ப அதிகாரம்: ‘நிலக்கிளி’யை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

மகனின் மணவாழ்வைத் தம் பிடிக்குள் வைத்திருக்கும் தாய், தமிழ்ப் புனைகதையில் நாம் அடிக்கடி காணும் பாத்திரம். பெரும்பாலான ஆக்கங்களில் அவர் குணக்கேட்டின் வடிவமாகவே தீட்டப்படுகிறார். மருமகளின் பொறுமை கண்டோ, நோய்ப்படுக்கையில் வீழ்ந்தோ ஈற்றில் மனந்திருந்துகிறார். மகனோ இருதலைக்கொள்ளி எறும்பாக நின்று வாசகரின் இரக்கத்தைப் பெற்றுவிடுகிறான். இத்தாயின் அதிகாரம் எந்தச் சமூக அடித்தளத்தில் நிற்கிறது என்ற வினா மட்டும் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்புதற்கு வன்னிப் பிரதேச நாவல் தக்க களமாகும்.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள தண்ணிமுறிப்பே அதன் களம். கோணாமலையரின் மகன் கதிராமன் பதஞ்சலியை விரும்புகிறான், தந்தை மறுக்கிறார். மகன் வீட்டைத் துறந்து, காடழித்து, பதஞ்சலியோடு தனிக்குடித்தனம் தொடங்குகிறான். இந்நாவலின் சிறப்பை ‘மண்வாசனை’ என்ற ஒரு சொல்லால் குறிப்பது வழக்கமாகிவிட்டது. ஆயின் காடு இங்கு வெறும் பின்னணியன்று. உழைக்கத் துணிந்தவனுக்குக் கிட்டும் நிலம் அது. குடும்பச் சொத்தை இழந்தும் வாழலாம் என்ற பொருளியற் சாத்தியமே கதிராமனின் காதலுக்கு உறுதி தருகிறது. அதிகாரமும் தாயிடம் இல்லை. நிலத்தையும் மாட்டையும் ஆள்கின்ற தந்தையிடமே உள்ளது.

இச்சாத்தியம் அற்றுப்போகும்போது என்ன நிகழும்? 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், குடியேற்றத் திட்டக் காணிகள் துண்டாடப்படுவதைத் தடுத்தது. பின்னுரிமை வரிசையில் ஆண்மக்களுக்கு முன்னிடம் அளித்தது. அம்முன்னிடம் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. கணவன் இறந்தபின் மனைவி காணியில் இருக்கலாம். ஆயின் மறுமணம் அவ்வுரிமையைப் பறித்துவிடும் என்பதும் அச்சட்டத்தில் இடம்பெற்ற ஏற்பாடாகும். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு வயற்காணியை நம்பி வாழும் குடும்பத்தில் இது எவ்வாறு தொழிற்படும் என்பதை உய்த்துணர்தல் கடினமன்று. மகன் வெளியேறிக் காடுவெட்ட இயலாது. தாய்க்கும் மகனின் உழைப்பன்றி வேறு காப்பில்லை. புதிதாக வந்த மருமகள், அவ்வுழைப்பிற் பங்கு கேட்பவளாகவே தாய்க்குத் தோன்றுகிறாள். நெல்மூடையின் கணக்கும் அடுப்படியின் ஆட்சியும் தாயின் கையைவிட்டு அகலாமைக்கு இவ்வச்சமே காரணம். மனைவியாக இருந்த காலத்தில் அவருக்கு மறுக்கப்பட்ட அதிகாரம், மகன் வழியாகவே அவரை வந்தடைகிறது. 2009 இல் முடிவுற்ற போர் வன்னியிற் பல்லாயிரம் பெண்களைக் குடும்பத் தலைவியராக்கியபின், இந்நிலை மேலும் கூர்மையடைந்துள்ளது எனலாம்.

இவ்விளக்கம் தாயின் கொடுமைக்கு நியாயம் கற்பிப்பதன்று. மருமகள் சிந்தும் கண்ணீர் மெய்யானது. ஆயினும், இரு பெண்களின் உழைப்பையும் ஒருங்கே நுகரும் மகனைச் ‘செயலற்றவன்’ என்று விட்டுவிடுவது திறனாய்வாகாது. அவனது மௌனம் அவனுக்கு இலாபமானது. கதிராமன் பேசினான், பேசியதற்கான விலையையும் கொடுத்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ கிளிநொச்சிப் பகுதியிற் காடழித்துக் குடியேறியோரின் வாழ்வைச் சொல்லும் நாவல். காடழித்தவரின் கதை இவ்வாறு எழுதப்பட்டுள்ளது. அவர்தம் பிள்ளைகள், பிரிக்கவியலாத அதே காணியில் மணமுடித்து வாழும் கதை இன்னும் விரிவாக எழுதப்படவேண்டும். அதனை எழுத முற்படுவோர், மாமியாரின் மனமாற்றத்தோடு கதையை முடித்துவிடாது, காணி உறுதி எவர் பெயரில் உள்ளது என்று முதலிற் கேட்பாராயின், மாமியும் மருமகளும் ஒருவருக்கொருவர் பகைவராக்கப்பட்ட விதம் புலப்படும். யதார்த்தவாதம் நம் எழுத்தாளரிடம் வேண்டிநிற்பது அதுவே.