கடிதங்கள் யார் வட்டில்?

2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர் திருவனந்தபுரம். கேரள அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி பழகுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில்கூட, லினக்ஸ் ஓடும் வீட்டுக் கணினியில் மின்னஞ்சல் உலாவிக்குள்தான் திறக்கிறது. கடிதம் இருப்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் வட்டில். இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கக்கூடும் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. இறந்துபோன அப்பாவின் கணக்கை யார் போய்த் திறந்துகொண்டிருப்பார்கள்? கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எதை வைத்துக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

இந்த வேலைக்குப் புகழ்பெற்ற கருவி ஃபெட்ச்மெயில். எரிக் ரேமண்ட் 1997இல் எழுதிய ‘தி கதீட்ரல் அண்ட் தி பஜார்’ கட்டுரை இதை உருவாக்கிய அனுபவத்திலிருந்து பிறந்தது. ஆனால் வீட்டுக்கு இது ஒத்துவராது. வாங்கிய கடிதத்தை இது உள்ளூர் அஞ்சல் சேவையகத்திடம் ஒப்படைக்கப் பார்க்கும். ஒரு வீட்டுக்கு அப்படியொரு சேவையகம் வீண் சுமை. அதைவிடப் பெரிய குறை, ‘கீப்’ என்று எழுதிவைக்காவிட்டால் வாங்கிய கடிதத்தை மூலத்திலிருந்து அழித்துவிடும். ஒரு சொல்லை மறந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை கூடாது.

கெட்மெயில் அந்த வகையில் பாந்தமானது. சொல்லாமல் எதையும் அழிக்காது, நேராக மெயில்டிர் அடைவில் கொண்டுபோய் வைக்கும். ‘ரீட்_ஆல்’ என்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பழைய கடிதங்களையும் சேர்த்து இழுக்கும்.

மெயில்டிரில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. முதலில் தற்காலிக அடைவில் எழுதி முடித்து, பிறகுதான் உரிய இடத்துக்கு நகர்த்தப்படும். எம்பாக்ஸ் என்ற இன்னொரு சேமிப்பு முறையில் பெட்டி முழுவதும் ஒரே கோப்பு. ஐப்பசியில் இங்கே பிற்பகலானால் இடி; ப்ளக்கைப் பிடுங்குவதற்குள் கரண்ட் போய்விடும். பாதியில் நின்றால் மெயில்டிரில் அந்த ஒரு கடிதம்தான் பாக்கி. எம்பாக்ஸில் பெட்டியே சீர்குலையலாம்.

மூன்றாவது எம்பிசிங்க். ஐமேப் நெறிமுறை வழியே அடைவுகளையும் படித்த குறிகளையும் அப்படியே கொண்டுவருகிறது. ஆபத்தும் அங்கேதான். ‘எக்ஸ்பஞ்ச் போத்’ என்று அமைத்தால், ஃபோனில் தவறி அழித்த கடிதம் அடுத்த ஒத்திசைவில் வீட்டிலிருந்தும் போய்விடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது வேறு, காப்பு வேறு. ‘சிங்க் புல்’, ‘எக்ஸ்பஞ்ச் நன்’ என்று இரண்டு வரி எழுதினால் அங்கே அழித்ததற்கு இங்கே குறி மட்டும் விழும், கடிதம் வட்டிலேயே இருக்கும். ஜிமெயிலில் லேபிள்கள் அடைவுகளாகத் தெரிவதால் ஒரே கடிதம் பல தடவை இறங்கும். சேமிப்புக்கு ‘ஆல் மெயில்’ ஒன்றை இழுத்தால் போதும்.

கடவுச்சொல் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2022 மே மாதக் கடைசியிலிருந்து தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை இப்படிப்பட்ட கருவிகளிடம் கொடுத்து நுழைய முடியாது; இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அதை அமைப்புக் கோப்பில் திறந்து போடாமல், எம்பிசிங்கில் ‘பாஸ்சிஎம்டி’ வழியாக மறைகுறியிட்ட பெட்டகத்திலிருந்து எடுக்கச் செய்யலாம்.

என் தீர்ப்பு: ஒரே ஒரு உள்பெட்டி போதும் என்பவருக்குக் கெட்மெயில். மற்ற எல்லோருக்கும், ஒருவழிப் பாதையாக அமைத்த எம்பிசிங்க். கூடவே வாரம் ஒரு முறை நகலெடுத்துக் கழற்றிவைக்கும் வெளி வட்டு. அந்த வட்டு இல்லாத வீட்டில், சேவையகத்தில் இருக்கும் கடிதங்களை இப்போதைக்கு அழிக்க வேண்டாம்.