ரயிலைப் பார்க்காதவர்கள்

ரயில் என்ஜினைப் போட்டோ பிடிப்பது ஒரு தனிப் பித்து. அந்தப் பித்துக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று சில விதிகளும் உண்டு. வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். என்ஜின் முக்கால் முகம் காட்ட வேண்டும். அதன் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். சக்கரங்கள் நிழலில் மறையக் கூடாது. குறுக்கே மனிதர் யாரும் வந்துவிடக் கூடாது. இப்படி எடுத்த படங்களைப் பார்த்தால், வரன் தேடும்போது வீட்டுக்கு வீடு அனுப்புகிற போட்டோக்கள் ஞாபகம் வருகின்றன. அங்க லட்சணம் எல்லாம் சரியாக இருக்கும். ஆள் எப்படி என்பது மட்டும் தெரியாது. அந்தப் படங்களை நான் இழிவாகச் சொல்லவில்லை. எந்த என்ஜின் எந்த வருஷம் எங்கே ஓடியது என்பதற்கு அவைதாம் சாட்சி. ஆனால் சாட்சி வேறு, கலை வேறு.

இந்தப் பித்துக் கொண்டவர்களில் கலைஞர் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவர், ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கர். 1914இல் புரூக்ளினில் பிறந்தவர்; சிவில் என்ஜினீயரிங் படித்தவர். தொழில், விளம்பரங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது. 1955 ஜனவரியில் ஏர்கண்டிஷனர் விளம்பர வேலையாக வர்ஜீனியா மாநிலத்துக்குப் போனவர், ராத்திரி நேரத்தில் பக்கத்து ஊரான வேன்ஸ்பரோ ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்கப் போனார். அங்கே வந்து நின்றது நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி என்ஜின்.

அமெரிக்காவின் மற்றப் பெரிய ரயில்வேக்கள் எல்லாம் அப்போது டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்த ரயில்வே மாறாததற்குக் காரணம் இருந்தது. அது நிலக்கரிச் சுரங்கங்களின் வழியாக ஓடியது. நிலக்கரி சுமந்தே பிழைத்தது. ரோனோக் நகரில் இருந்த தன் சொந்தப் பட்டறையிலேயே என்ஜின்களைக் கட்டிக்கொண்டது. 1953இல்கூடப் புது நீராவி என்ஜின் ஒன்றைக் கட்டி முடித்தது. ஆனாலும் 1955இல் டீசல் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டது. 1960இல் நீராவியின் கதை முடிந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷங்களில் லிங்க் சுமார் இருபது தடவை அங்கே போய், ஏறத்தாழ 2,400 படங்கள் எடுத்தார். ரயில்வே அனுமதியும் ஒத்தாசையும் தந்தது. செலவு அவர் கைப்பணம்.

அவற்றில் பேர் பெற்றவை ராத்திரிப் படங்கள். சூரியன் தான் விரும்பும் இடத்தில் நிற்பதில்லை என்பது அவர் சொன்ன காரணம். ராத்திரியில் வெளிச்சம் முழுவதும் அவர் கையில். பிளாஷ் பல்புகளை டஜன் கணக்கில் மரத்திலும் கம்பத்திலும் கூரையிலும் கட்டி, ஒயரால் ஒன்றோடொன்று தொடர்ந்தாற்போல் இணைப்பார். ஒரு பல்பில் கோளாறு என்றாலும் ஒன்றுகூட எரியாது. எரிந்தால் எல்லாம் ஒரே கணத்தில் எரியும். அந்த ஒரு கணத்துக்காக மணிக்கணக்கில் ஏற்பாடு. ரயில் அதற்காகத் திரும்பி வரப்போவதில்லை.

இங்கேதான் விவகாரம் ஆரம்பமாகிறது. வெளிச்சத்தை மட்டுமா அவர் ஏற்பாடு செய்தார்? மனிதர்களையும் அல்லவா ஏற்பாடு செய்தார்! இன்னார் இங்கே உட்காரட்டும், கார் அங்கே நிற்கட்டும் என்று நாடக டைரக்டர் மாதிரி இடம் குறித்துக் கொடுத்தார். ஆகவே இவை போட்டோக்களே அல்ல, ஜோடனைகள் என்று சொல்வாருண்டு. கதை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் இந்தக் குற்றச்சாட்டை லேசாக விட்டுவிட முடியாது. பாத்திரங்களை உட்கார வைப்பதும் எழுப்பி அனுப்புவதும்தானே எங்கள் தொழில்?

படங்களையே பார்ப்போம். லிதியா என்ற ஊரில் 1955இல் எடுத்தது ஒன்று. ஒரு வீட்டின் முன்னறை. நாற்காலியில் ஒரு பெண்மணி சாவதானமாக உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரம் என்று தோன்றும்படி, ரயில் போகிறது. ஜன்னலோரம் நிற்கும் ஆள் கை காட்டுவதுகூட, தினம் அந்த வழியாகப் போகிற தெரிந்த மனிதருக்குக் காட்டுவதுபோல் இருக்கிறது. வெசூவியஸ் என்ற ஊரில் 1956இல் எடுத்தது இன்னொன்று. பெட்ரோல் கடை. கையால் இறைக்கும் பழைய பம்பிலிருந்து காருக்கு எண்ணெய் போகிறது. காரில் இருப்பவர்களுக்கும் கடைக்காரருக்கும் பெட்ரோல்தான் காரியம். பின்னால் ராட்சத என்ஜின் ஒன்று வெண்ணிற ஆவியைக் கக்கிக்கொண்டு போகிறது. அதே வருஷம் லூரே என்ற ஊரில் எடுத்த படத்தில், ஓடையில் குழந்தைகள் நீந்தி விளையாடுகிறார்கள்; தலைக்கு மேலே பாலத்தில் ரயில்.

எங்கும் ஒரே சங்கதிதான். பிரமாண்டமான ஒரு பொருள் பக்கத்தில் போகிறது. யாரும் அதைப் பார்த்துப் பிரமிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் வீட்டிலுள்ளவர்கள் காதில் விழாதல்லவா, அது மாதிரி. அந்த ரயில் அந்த மக்களுடைய வாழ்க்கையில் அவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தது என்பதை வேறு எப்படிக் காட்ட முடியும்? எல்லோரும் ஓடி வந்து வியந்து நின்றிருந்தால், ரயில் அவர்களுக்கு அன்னியம் என்றல்லவா ஆகியிருக்கும்? உட்கார வைத்தது லிங்க்தான். ஆனால் அவர் உட்கார வைக்காத நாட்களிலும் அவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடந்ததை நடந்தபடி இன்னொரு தரம் நடக்கச் செய்வது பொய்யாகாது.

1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதிலே ஆளுயர நாணல் பூக்களுக்கு நடுவே குழந்தைகள் ரயில் பார்க்க ஓடுகிறார்கள். சத்யஜித் ராயும் ஏற்பாடு செய்தவர்தான். பூக்களை மாடுகள் தின்றுவிட்டதால் மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்தார். ஒரு ரயில் போதாமல் பல ரயில்களை வைத்து அந்தக் காட்சியை முடித்தார். அங்கே குழந்தைகள் பார்ப்பது உண்மை. ரயில் அவர்கள் கிராமத்துக்கு எட்டாத உலகம். இங்கே பெண்மணி பார்க்காதது உண்மை. ரயில் அவள் வீட்டு விஷயம். இரண்டும் ஜோடனை, இரண்டும் சத்தியம்.

அப்படியானால் லிங்க் செய்தது எல்லாமே சரியா? இல்லை. அவருக்கு மிகப் பெரிய புகழைக் கொடுத்த படத்தைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்ற ஊரில் 1956 ஆகஸ்டில் எடுத்தது. காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி சினிமா. முன்னால் லிங்க்கின் சொந்த பியூக் காரில் ஓர் இளம் ஜோடி. அப்பால் சரக்கு ரயில் புகையைக் கக்கிக்கொண்டு பறக்கிறது. திரையில் ஒரு ஜெட் விமானம். கார், ரயில், விமானம் மூன்றும் ஒரே படத்தில்! ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகள் எரிந்த வேகத்தில் சினிமாத் திரை வெளுத்துவிட்டது. விமானத்தைப் பிறகு இருட்டறையில்தான் சேர்த்தார்.

வெளுத்த திரைக்குள் ஒரு காட்சியைச் சேர்த்தது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. அந்தச் சேர்க்கை நம்மிடம் வந்து பேசுகிறதே, அதுதான் குற்றம். ‘பார், ரயிலின் காலம் போயிற்று, இனி விமானத்தின் காலம்’ என்று அது கையைப் பிடித்து உபதேசிக்கிறது. கதையை நன்றாக எழுதி வந்த ஆசிரியர், வாசகனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயந்து, கடைசியில் நீதியைச் சேர்ப்பதுண்டு. அந்த வேலை இது. கிரீன் கோவ் ஸ்டேஷனில் எடுத்த பகல் படத்திலும் இந்தப் பயம் தெரிகிறது. வண்டிக் குதிரை ஒன்று ரயிலுக்கு எதிரே தலையைத் தாழ்த்தி நிற்கிறது. அழகான படம். ‘மாட் வர்ஜீனியா கிரீப்பரை வணங்குகிறது’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். மாட் என்பது குதிரை. கிரீப்பர் என்பது அந்த ரயிலுக்கு ஊரார் இட்ட பெயர். குதிரை தன் பாட்டுக்கு நின்றிருந்தால் நாமே எதையாவது எண்ணிக்கொண்டிருப்போம். வணங்கச் சொன்ன பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. லிங்க்கின் உலகத்தில் யாருக்கும் கவலை இல்லை. அந்த வருஷங்களில் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களில் யந்திரங்கள் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். டீசல் வந்ததும் கரி அள்ளிப் போட்டவனுக்கும் பாய்லர் பழுது பார்த்தவனுக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காத்தவனுக்கும் வேலை இல்லை. 1958இல், கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க நேருமே என்பதற்காக வர்ஜீனியா மாநில அரசு சில பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டது. இவற்றின் நிழல்கூடப் படங்களில் விழவில்லை. வெளிச்சம் முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர், எதை இருட்டில் விடுவது என்பதையும் தாமே தீர்மானித்தார். போகிற பொருளின் மீது வைத்த பாசம், அதோடு போகிற மனிதர்களின் கஷ்டத்தைப் பார்க்க விடவில்லை.

ஆனால் தொழிலாளிகளை அவர் அடியோடு மறந்தார் என்று சொன்னால் அநியாயமாகும். ரோனோக் கொட்டகையில் என்ஜினைக் குளிப்பாட்டுகிற ஆட்களின் படங்கள் இருக்கின்றன. கையின் பழக்கமும் வேலையின் கௌரவமும் அவற்றில் இருக்கின்றன. ரயில் ஓசைகளைப் பதிவு செய்து ஒலித்தட்டுகளாகவும் கொண்டுவந்தார். 1957ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, மாதா கோயில் மணியில் பண்டிகைப் பாட்டு ஒலிக்க, ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போகும் ஓசை ஒன்றில் இருக்கிறது. மணி ஒலித்ததும் அவர் ஏற்பாடுதான். ஆனால் அங்கே உபதேசம் இல்லை. ரயில் தூரத்தில் தேய்ந்து மறைகிறது, அவ்வளவுதான்.

படங்கள் எடுத்து முடித்துக் கால் நூற்றாண்டு போன பிறகுதான், 1980களில், கலை உலகம் அவரைக் கண்டுகொண்டது. முதல் புத்தகம் 1987இல் வந்தது. 2001இல் காலமானார். 2004இல் ரோனோக்கின் பழைய ரயில்வே ஸ்டேஷனிலேயே அவர் பெயரால் ஒரு காட்சிச்சாலை திறந்தார்கள். லிங்க் என்றதும் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டுவது அந்த விமானப் படத்தைத்தான். வாசகர்கள் அதைப் பார்க்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாமல் லிதியா வீட்டுப் பெண்மணியின் படத்தையும் தேடிப் பிடித்துப் பாருங்கள். தன் ஜன்னலைக் கடந்து போவது இன்னும் சில வருஷங்களில் இல்லாமல் போகும் என்ற நினைப்பே இல்லாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அதை நம்மிடம் சொல்ல அங்கே எந்த விமானமும் தேவைப்படவில்லை.