நாள் குறிக்கப்படாத இசை

மருத்துவமும் இசையும் ஒரே மனிதரிடம் குடிகொண்டதற்குச் சான்று கேட்டால், ஆல்பர்ட் ஷ்வைட்சரின் பெயரையே பலரும் முதலில் சொல்வர். 1931ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவரது தன்வரலாற்றை ‘என் வாழ்விலிருந்தும் சிந்தனையிலிருந்தும்’ என்று தமிழில் குறிக்கலாம். ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை எழுப்பிய தொண்டரின் கதையாகவே அந்நூல் பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அதனுள் மற்றொரு கதையும் உண்டு. மருத்துவம் பயில்பவரின் களைப்பை இசை ஆற்றுமா, ஆற்றுமெனில் எந்நிலையில் ஆற்றும் என்னும் வினாவோடு படிப்போர்க்கு அக்கதை புலப்படும்.

1905ஆம் ஆண்டு, தம் முப்பதாம் வயதில், ஷ்வைட்சர் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவரானார். அப்போதே அவர் இறையியல் விரிவுரையாளர். புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் மறையுரை ஆற்றியவர். புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர். இவற்றுள் எதையும் அவர் உடனே விட்டுவிடவில்லை. பகலில் உடற்கூறும் வேதியியலும் கற்றார். இசைமேதை பாகைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நூலை ஜெர்மனில் ஏறத்தாழ இருமடங்காக விரித்து 1908இல் வெளியிட்டார். பாரிஸ் பாக் சங்கத்தின் கச்சேரிகளில் ஆர்கன் வாசிக்கப் பயணம் செய்தார். இறுதித் தேர்வுக்கான கட்டணத்தைக்கூட 1911இல் மியூனிக் நகர இசைவிழாவில் தம் ஆசான் விடோரின் படைப்பை வாசித்தே ஈட்டினார்.

இவ்வளவு இசை சூழ்ந்திருந்தும், அவ்வாண்டுகளைக் களைப்போடு நிகழ்ந்த ஓயாத போராட்டமாகவே அவர் நினைவுகூர்கிறார். இசை அவரைத் தாங்கவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இசையே அவருக்கு ஒரு பணியாகவும் இருந்தது. கச்சேரிக்கு நாள் குறித்திருந்தது. நூலுக்குக் கெடு இருந்தது. வருவாய்க்கும் அதுவே வழியாயிற்று. சுமை இறக்க வேண்டிய கை தானும் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

1913இல் அவர் லம்பரேனேக்குச் சென்றபோது காட்சி மாறுகிறது. கலையை அடியோடு துறந்துவிட்டதாகவே அவர் எண்ணியிருந்தார். பாரிஸ் பாக் சங்கத்தார் வெப்பநாட்டுக்கு ஏற்றவாறு செய்து, ஆர்கனுக்கு உரிய கால்மிதிகளும் பொருத்திய பியானோ ஒன்றை அவருக்குப் பரிசளித்திருந்தனர். முதலில் அதில் பயிற்சி செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மாலை, வாடிய உள்ளத்தோடு பாகின் படைப்பொன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வு நேரத்தை இசையை ஆழப்படுத்திக்கொள்ளப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் அவருள் எழுந்தது. நாளுக்கு அரைமணி நேரமே கிடைத்தாலும் போதும் என்று ஒவ்வொரு படைப்பாக மனப்பாடம் செய்யத் தொடங்கினார். அங்கே அவரை விரட்டக் கச்சேரியும் இல்லை, காத்திருக்க அவையும் இல்லை. அதுவே தமக்குப் பெரும் பேறாக அமைந்ததென்று அவர் எழுதுகிறார்.

நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது எனத் துணியலாம். ஒரே மனிதர், ஒரே பாக். மாணவப் பருவத்தில் ஓய்வு தராத இசை, நோயாளிகள் நிறைந்த நாளின் முடிவில் ஓய்வு தந்தது. வேறுபாடு இசையில் இல்லை. அதைச் சூழ்ந்திருந்த காலத்தில் இருந்தது. எவரும் அளவிடாத, எவருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டாத அரைமணி நேரமே இசையை மருந்தாக்கிற்று.

ஷ்வைட்சரின் மாணவப் பருவத்தில் இத்தகைய களைப்புக்கு இன்றுள்ள பெயர் வழங்கவில்லை. 1974இல் நியூயார்க்கின் உளவியலார் ஃபிராய்டன்பெர்கர் ‘பர்ன் அவுட்’ என்னும் சொல்லால் அதை விளக்கினார். பணிச்சோர்வு என நாம் அதைச் சொல்லலாம். உள்ளம் வறண்டுபோதல், நோயாளியை மனிதராகக் காணும் கண் மங்குதல், தன் உழைப்பு வீணென்று தோன்றுதல் ஆகியன அதன் அடையாளங்கள். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தனியொரு நோயாக அன்றி, பணியிடத்தின் தீராத அழுத்தத்தால் விளையும் நிலையாகவே வரையறுத்தது. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு 2003இல் நாடு முழுமைக்கும் விதிக்கப்பட்ட உச்சவரம்பே, நான்கு வாரச் சராசரியில், வாரத்துக்கு 80 மணி நேரம் என்பதை எண்ணினால் அவ்வழுத்தத்தின் அளவு விளங்கும்.

அதே நாட்டின் பாஸ்டன் நகரில் 1982இல், பெரும்பாலும் ஹார்வர்டு மருத்துவ மாணவர்களாய் இருந்த சிலர் கூடி லாங்வுட் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினர். அவர்களுக்கும் கச்சேரி உண்டு, நாளும் உண்டு. எனினும் அந்த நாளை அவர்கள் தாமே குறித்துக்கொண்டனர். மேலும், சேர்ந்து இசைப்பவர் அருகிலிருப்பவரைக் கேட்டாக வேண்டும். பணிச்சோர்வு முதலில் பறிப்பது, பிறரைக் கேட்கும் அந்தத் திறனைத்தான். ஷ்வைட்சர் தனிமையில் கண்டதை இவர்கள் கூட்டுறவில் தேடினர் எனலாம்.

ஆனால் நூலின் குறையையும் சொல்லாதிருக்க இயலாது. களைப்பை ஷ்வைட்சர் மனவுறுதியால் வெல்லத்தக்க தடையாகவே காண்கிறார். தமக்கு வாய்த்ததுபோன்ற உடல் வாய்க்காதவர் என்ன செய்வார் என்று அவர் கேட்பதில்லை. விடை அவரது பக்கங்களிலேயே கிடக்கிறது. 1911 டிசம்பரில் கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, அறுவை மருத்துவப் பேராசிரியர் மாடெலுங், உம் உடல்நலம் இத்துணைச் சிறந்தது என்பதாலன்றோ இதை முடித்தீர் என்ற பொருள்பட அவரிடம் கூறினாராம். இதை எழுதிய ஷ்வைட்சர் அதன்மேல் நின்று சிந்திக்காமல் கடந்துபோகிறார். வாசகர் கடந்துபோகலாகாது.

ஏனெனில் இந்நூலை முன்மாதிரியாக இளையோர் கையில் கொடுப்பவர்கள், அந்த மனவுறுதியை மட்டும் காட்டி, அந்த அரைமணியை மறந்துவிடக்கூடும். இரவு முழுதும் கண்விழித்த பயிற்சி மருத்துவரை அழைத்து, ஒரு மணி நேரம் பாடவைத்து, மீண்டும் அதே பணிக்கு அனுப்பும் நிர்வாகம் அவருக்கு இன்னுமொரு கடமையையே கூட்டுகிறது. அங்கே இசை, காயத்தை ஆற்றாமல் மூடும் துணியாகிவிடும். அந்தக் களைப்பின் விலையை மருத்துவர் மட்டுமா தருகிறார்? அவர்முன் படுத்திருக்கும் நோயாளியும் தருகிறார்.

ஆகவே மருத்துவக் கல்லூரிகள் இசைக்கருவிகளை வாங்கும் முன்னர் இளைய மருத்துவருக்கு நேரத்தை வழங்கட்டும். பிரெஞ்சு முகாமொன்றில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, மேசையை விசைப்பலகையாகவும் தரையைக் கால்மிதியாகவும் கொண்டு ஷ்வைட்சர் ஆர்கன் பயின்றார். கருவி இல்லாமலும் இசை பிழைத்துக்கொள்ளும். நேரம் இல்லாமல் அது பிழைப்பதில்லை.